கோசோங் நாற்பத்தேழு

என் அண்ணன் அம்மாசிக்கு டீபி என்று கம்ப்யூட்டர் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்துக் கிளினிக்கைப் பார்க்கிற டிரஸர் தர்மலிங்கம் தன் வாயால் சொல்லியிருந்தால், "தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை குடுக்கிற ஆளு, உனக்கு என்னய்யா தெரியும்?" என்று சண்டைக்குப் போயிருப்போம். இது பச்சைக் கோடு போட்ட நீளத் தாளில் மடிப்பு மடிப்பாக அச்சாகி வந்திருந்தது. அச்சில் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது சாமி வாக்கு. எனக்கும்தான்.

எண்பத்து நாலாம் வருடம் அது. லூனாஸிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். பாதி பால்மரம் என்கிற ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை. நான் தோட்டத்து வேன் ஓட்டுகிறவன், பெயர் மணியம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது, ஆப்பீசுக்குச் சாமான் வாங்கி வருவது, சுங்கைப்பட்டாணியில் எங்கள் கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆப்பீசுக்குப் பெட்டி பெட்டியாகத் தாள் சுமப்பது, எல்லாம் என் தலையில். அம்மாசி அண்ணன் பால்மரம் வெட்டுகிறவர். அவர் மனைவி இராசாத்தி அண்ணி ஆயாக்கொட்டகையில் ஆயா. இருட்டோடு ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போவார்கள்.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அவருக்குப் பிள்ளைகள். உத்தரத்தில் வரிசையாகச் சாரோங் தொட்டில் கட்டி, காலால் ஒன்றை ஆட்டிக்கொண்டு, மடியில் ஒன்றுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, முதுகில் ஒன்று தொங்க உட்கார்ந்திருப்பார். என் மகள் யசோதா, மூன்று வயசு, முக்கால்வாசி நேரம் அந்த முதுகில்தான் இருப்பாள். வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள். என் மனைவி பிரேமாவதிக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

சீனப் பெருநாள் கழிந்து கம்பெனி ஒரு எக்ஸ்ரே லோரியை அனுப்பியது. எல்லாத் தோட்டத்திலும் எல்லாரும் நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஆளாளுக்குக் கிளினிக் நம்பர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, கோயில் திருவிழா மாதிரி வரிசையில் நின்றோம்.

அந்தக் கிளினிக் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு கிராணி, ஆப்பீஸ் கணக்குப்பிள்ளை, கண்டுபிடித்த ஏற்பாடு. குடும்பத் தலைவனின் சம்பள நம்பர் நாற்பத்தேழு என்றால் கிளினிக்கிலும் அவன் நாற்பத்தேழு. அவன் மனைவிக்கு அதே நம்பர், முன்னால் ஒரு கோசோங். மலாய்க்காரர்கள் சைபரைக் கோசோங் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் பிள்ளைக்கு இரண்டு கோசோங், அடுத்ததற்கு மூன்று. ஏழு பிள்ளை பெற்ற வீட்டில் கடைக்குட்டியின் நம்பரை எழுத அட்டையில் இடம் போதாது என்று கேலி செய்வோம். வேலை செய்து தனியாகச் சம்பளம் வாங்குகிற பெண்களும் கிளினிக் வாசலுக்கு வந்தால் புருஷன் நம்பரோடு ஒரு கோசோங்தான். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. "கோசோங் நாப்பத்தேழு!" என்று டிரஸர் கூப்பிட்டால் இராசாத்தி அண்ணி எழுந்து போவார். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நம்பர்களும் படங்களின் முடிவுகளும் சுங்கைப்பட்டாணிக்குப் போயின. நான்தான் கொண்டு போனேன். சில வாரம் கழித்து லிஸ்ட் வந்தது. எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் பெயர். அதில் ஒன்று அம்மாசி. மற்றவன் இரண்டு மரம் வெட்டுவதற்குள் எட்டு மரம் வெட்டிவிட்டுப் போகிற ஆள், ஒரு தும்மல் போட்டு நான் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லடா மணி. நெஞ்சுல ஒரு வலிகூட இல்ல," என்றார் அண்ணன்.

"உள்ளுக்குள்ள இருக்கும்ணே. படத்துல தெரிஞ்சிருக்குல்ல," என்றேன். பெரிய படிப்பாளி நான்.

அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரியின் டீபி வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். போகிற வழியில் என் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லவில்லை. பின்னால் உட்காரச் சொன்னேன். வேன் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதே என்று எனக்குப் பயம். அவர் மழைச்சாரல் முகத்தில் அடிக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணி வீட்டில் அவர் படுத்த பாயைக் கொளுத்தினார். தலையணையைக் கொளுத்தினார். அவர் தேநீர் குடித்த மங்குக் கோப்பையை அடுப்பில் போட்டுக் கொதிக்க வைத்தார். எல்லாம் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்காக. "நான் நெதம் இத்தன பச்சப் புள்ளைங்கள தூக்குறவ தம்பி. அவரு இருக்கிற வார்டுக்கு நான் போயிட்டு வந்து புள்ளைங்கள தொட்டா என்னாவும்? நான் வரல. அவருகிட்ட சொல்லு, சொகமாகி வரட்டும், பாத்துக்கலாம்," என்றார். சொல்லும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அந்த இருமலை நாங்கள் எல்லாரும் கேட்டோம். டிரஸர் கேட்டார், நான் கேட்டேன், பிள்ளையை விட வருகிற ஒவ்வொரு தாயும் கேட்டாள். அண்ணியே ஒருமுறை கிளினிக்கில் போய் நின்றார். தர்மலிங்கம் லிஸ்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒம் பேரு இல்லியேம்மா. ஒனக்கு நெஞ்சு சுத்தம். பவுடர் தூசியா இருக்கும்," என்று மர நிறத்தில் இருக்கிற அந்தத் தண்ணி மருந்தை ஒரு போத்தல் கொடுத்து அனுப்பினார். அண்ணி நிம்மதியாக வந்தார். தனக்கு ஒன்றும் இல்லை என்பதற்காக இல்லை, பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்பதற்காக.

அண்ணன் வார்டில் தினமும் இடுப்பில் ஊசி வாங்கினார். கை நிறைய மாத்திரை. வலது காதில் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அந்தக் காது கேட்காமல் போயிற்று. நான் போகும்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "அவ வரலியா?" நான் காரணம் சொல்வேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் கேட்பதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் நானாக அண்ணியின் பேச்சை எடுத்தபோது, "அவளப் பத்தி எங்கிட்ட பேசாத. நோய் வந்தா பொண்டாட்டியும் இல்ல, தம்பியும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார். தம்பியும் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மறுபடியும் படம் எடுத்தார்கள். நெஞ்சு பளிச்சென்று இருந்தது. "பார்த்தியா, மருந்து எப்படி வேலை செய்யுது!" என்று அங்கே ஒரே சந்தோஷமாம். ஒன்றுமே இல்லாத நெஞ்சு சுத்தமாக இருப்பதைப் பார்த்து மருந்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். தொடங்கிய மருந்தை நிறுத்தக் கூடாது, முழுசாக முடிக்க வேண்டும் என்று இன்னும் சில மாதம் இழுத்தார்கள்.

வருடக் கடைசியில் பினாங்கிலிருந்து கேதரின் என்று ஒரு லேடி டாக்டர் அந்த வார்டுக்கு மாற்றலாகி வந்தார். ஒரே தோட்டத்து ஆண்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி மின்னல் வேகத்தில் குணமானது அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே லோரிக்காரர்களிடமிருந்து முதலில் எடுத்த படங்களை வரவழைத்தார். அம்மாசியுடையது என்று கொடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது இவரோட படம் இல்ல," என்றார் டாக்டர். தமிழில்தான் சொன்னார். "இது ஒரு பொம்பளையோட நெஞ்சு. இங்க பாருங்க, மார்பு நிழல் தெரியுது."

அடுத்த படம் ஒரு சின்னப் பிள்ளையுடையது. விலா எலும்பெல்லாம் விரல் மாதிரி இருந்தது. அந்தப் படத்துக்குச் சொந்தக்காரன் என்று லிஸ்ட் சொன்ன ஆள், வேலையாட்களை மேய்க்கிற ஐம்பது வயது மண்டோர். டாக்டர் முதல் படத்தின் ஓரத்தில் இருந்த நம்பரைப் படித்தார். "ஜீரோ நாப்பத்தேழு. இது யாரு?"

கோசோங் நாற்பத்தேழு யார் என்று எங்கள் தோட்டத்தில் யசோதாவைக் கேட்டால்கூடச் சொல்லுவாள்.

மறுநாள் சுங்கைப்பட்டாணி கம்ப்யூட்டர் ஆப்பீசிலிருந்து, அந்த லிஸ்டைச் செய்த பையனை நான்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். டெஸ்மண்ட் என்று பெயர். டவுன் பையன், கல்யாணம்கூட ஆகவில்லை. மடியில் அந்தப் பச்சைக் கோட்டுத் தாள் கட்டு. அவனிடம் பேசினால் வேனை ஓரங்கட்டி அடித்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

கிளினிக்கில் டிரஸர் முன்னால் தாளை விரித்தான். "எக்ஸ்ரேக்காரங்க நம்பர எழுத்து மாதிரி அடிச்சுக் குடுத்தாங்க. ஒங்க சம்பள ஃபைல்ல அது எண்ணா இருந்துச்சு. பேரெல்லாம் அந்த ஃபைல்லதான் இருக்கு. ரெண்டையும் சேத்தாத்தான் எந்தப் படம் யாருதுன்னு தெரியும்," என்றான்.

"ரெண்டும் நாப்பத்தேழுதானே, சேர வேண்டியதுதானே?" என்றார் தர்மலிங்கம்.

"நமக்குத்தான் சார் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு எழுத்து வேற ஜாதி, எண் வேற ஜாதி. சம்பந்தம் வெச்சுக்காது. மொதல்ல ஓட்டினப்ப ஒரு பேர்கூட சேரல. லிஸ்ட் எங்க, லிஸ்ட் எங்கன்னு மேல இருந்து சத்தம். அதனால வந்த எழுத்தையெல்லாம் எண்ணா மாத்துன்னு ஒரு வரி எழுதினேன். உடனே எல்லாம் சேந்துருச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல. எங்க பாஸ் எல்லாருக்கும் கோழிச்சோறு வாங்கிக் குடுத்தாரு." தாளில் ஒரு வரியை விரலால் காட்டினான். "எண்ணா மாத்தினா முன்னால இருக்கிற சைபர் விழுந்துரும் சார். எண்ணுல அதுக்கு மதிப்பு இல்ல. நாலு இலக்கமா அழகா தெரியறதுக்காக உங்க ஆப்பீஸ்ல முன்னால சைபர் போட்டு ரொப்பியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். நெறைய எடத்துல அப்படித்தான் போடுவாங்க."

"அது சைபர் இல்லடா!" என்று மேசையில் அடித்தார் டிரஸர். "அது பொண்டாட்டி! அது புள்ளைங்க!"

எனக்கு அடக்க முடியவில்லை. "ஏழு புள்ள பெத்த வீட்டு ஆம்பளைக்கு ஒம்போது நெஞ்சுப் படம் சேந்திருக்குமே தம்பி. ஒரு மனுசனுக்கு ஒம்போது நெஞ்சு ஏதுன்னு கேக்கத் தோணலியா?"

டெஸ்மண்ட் தலையைத் தூக்கவில்லை. "சேராம ஏதாவது மிச்சமிருக்கான்னு மட்டுந்தாண்ணே பாத்தேன். அதிகமா சேந்திருக்கான்னு பாக்கல."

கோழிச்சோறு. அன்றைக்கு அந்த லிஸ்ட் பெட்டியை வாங்கப் போனபோது நான் பார்த்தேன், ஆப்பீசே சிரித்துக்கொண்டிருந்தது. என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். நல்ல வேளை, எனக்கு அன்றைக்கு விரதம்.

லிஸ்டில் இருந்த ஆண்கள் ஐந்து பேருக்கும் நோய் இல்லை. நோய் இருந்தது மூன்று மனைவிமார்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். இரண்டு பிள்ளைகளில் ஒன்று, எங்கள் தோட்டத்து மருதம்மாளின் கடைசிப் பையன், ஆவணி மாதமே மூளைக் காய்ச்சல் என்று சொல்லி இரண்டே நாளில் அணைந்துவிட்டிருந்தான். புதைத்த இடத்தில் புல் முளைத்தாகிவிட்டது. மற்றவர்களில் மோசமானது இராசாத்தி அண்ணியின் படம். அது தெரிய வந்ததோ, அவர் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை முத்தமிட்டு, வாய் வைத்து ஊதி ஆற்றிய கஞ்சியை ஊட்டி, ஏழெட்டு மாதம் கழிந்த பிறகு.

டாக்டர் கேதரின் ஆளனுப்பி ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் எல்லாருக்கும் கையில் ஊசி குத்திப் பார்த்தார், படம் எடுத்தார். இந்த முறை கம்ப்யூட்டர் இல்லை. டிரஸர் பேனாவால் பெயரை எழுதினார், அப்பன் பெயர், ஆத்தாள் பெயர் எல்லாம் சேர்த்து. ஆறு பிள்ளைகளுக்கு நெஞ்சில் நிழல். நாலாவது பெயரைப் படிக்கும்போது தர்மலிங்கம் என் முகத்தைப் பார்க்காமல் படித்தார். யசோதா, அப்பா பெயர் மணியம்.

அன்றைக்கு நான் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, அண்ணியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பிரேமாவதி பிள்ளைக்குத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே. "அவங்ககிட்ட போய்க் கேளு, எம்புள்ளைய என்ன பண்ணாங்கன்னு," என்றாள். அண்ணியைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. அவரைச் சுத்தம் என்று சொன்னது யார்?

வேனில் வரும்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காத காதுப்பக்கம் நான் இருந்ததால் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி வழியில் அவர் கையைத் தூக்கி, போதும் என்று காட்டினார்.

ஆயாக்கொட்டகை வாசலில் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். இளைத்து, சேலை உடம்பில் நிற்காமல். தாய்மார்கள் தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் கிட்டவும் வரவில்லை. அண்ணன் வேனிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். எத்தனையோ மாதக் கோபத்தை அவர் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"கிட்ட வராதீங்க," என்றார் அண்ணி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "ஒங்களுக்கு ஒட்டிக்கும்."

"ஒனக்குன்னு எழுதுன மாத்திரையத்தான்டி இத்தன மாசமும் நான் தின்னேன்," என்றார் அண்ணன். காது மந்தத்தால் அது ஊருக்கே கேட்கும் சத்தமாக வந்தது. அண்ணியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு மறுபடியும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி ஏறாமல் நின்றார். "தம்பி, எத்தினி புள்ளைங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார். "யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. டிரஸர கேட்டா போம்மாங்கறாரு. எந்தெந்தப் புள்ளைங்க?"

"ஏறுங்கண்ணி. போயிட்டே பேசலாம்."

அப்போது பிரேமாவதி யசோதாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அது அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி, தூக்கு தூக்கு என்று குதித்தது. அண்ணி பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார். வேனின் பக்கவாட்டில் முதுகு இடித்து நின்றார். "வேணாஞ்சாமி, போ, அம்மாகிட்ட போ. தம்பி, புள்ளையப் புடி! புடின்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். பிள்ளை வீறிட்டு அழுதது. அவர் சேலையைப் பிடித்து இழுத்தது. அண்ணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார், பிள்ளையின் மேல் பட்டுவிடக் கூடாது என்று.

பிரேமாவதி அசையாமல் நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் சொன்னேன்.

"தூக்கிக்குங்கண்ணி. அதுக்கும் இருக்கு."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அண்ணி என்னைப் பார்த்தார், பிரேமாவதியைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து யசோதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.